குறை குற்றமானபோது

முல்லைப்பெரியாறு அணையின் முதுகுப்புறத்தில், 1979க்குப் பிறகு வார்த்துக் கட்டிய கான்கிரீட்டுக்குள், ஆள் நடந்து போகும் அளவுக்கு ஒரு பாதை இருக்கிறது. கேலரி என்று சொல்வார்கள். பழைய சுவரைக் கடந்து வரும் நீர் அங்கே ஓர் ஓடையில் சேர்ந்து, முக்கோணமாக வெட்டிய தகடு ஒன்றின் வழியே விழுகிறது. அந்த வெட்டில் நீர் எத்தனை உயரம் நிற்கிறது என்று அளவுகோலில் பார்த்து, நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்று கணக்குப் போட்டு எழுதுகிறார்கள். ஏரியில் நீர் ஏறினால் கசிவும் ஏறும், இறங்கினால் இறங்கும். கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய அணையில் கசிவே இல்லையென்றால்தான் பொறியாளர் கவலைப்படுவார். வடிகால் துளைகள் எங்கோ அடைத்துக்கொண்டிருக்கலாம். அவர் தேடுவது நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசத்தை. நீர்மட்டம் ஏறாமலே கசிவு ஏறியிருக்கிறதா, தெளிவாக வந்த நீர் கலங்கி வருகிறதா, சுவரில் வெள்ளையாகப் படியும் சுண்ணாம்பு கூடுகிறதா என்று பார்க்கிறார். பிறகு அந்த எண் செய்தித்தாளுக்குப் போகிறது. அணையின் நீரை நம்பியிருக்கும் தமிழ்நாட்டுக் கம்பத்தில் அதைப் படிப்பவர், அணை திடமாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறார். அணைக்குக் கீழே கேரளத்தின் வண்டிப்பெரியாற்றில் படிப்பவர், அணை ஒழுகுகிறது என்று எடுத்துக்கொள்கிறார். இருவர் கையிலும் இருப்பது ஒரே எண்.

தமிழில் குறை வேறு, குற்றம் வேறு. குறை ஒரு பொருளில் இருப்பது, நிரப்பிவிடலாம். குற்றம் ஓர் ஆளின் மேல் ஏறுவது; அதற்கு மறுப்பு உண்டு, சாட்சி உண்டு, தண்டனை உண்டு. பாட்டில் பிழை சொன்ன நக்கீரர் வெப்பம் தாளாமல் பொற்றாமரைக் குளத்தில் விழுந்த கதையை மதுரை இன்றும் சொல்கிறது. அந்த மதுரையின் வயல்களுக்குத் தண்ணீர் தரும் பெரியாற்றின் கரையில்தான் நம் காலத்தின் மிக நீண்ட குறைகாணல் நடந்துகொண்டிருக்கிறது. அதே பெரியாறு மேற்கே இறங்கி ஆலுவா வழியாகக் கொச்சிப் பக்கம் போகிறது. அங்கே காக்கநாட்டு இன்ஃபோபார்க்கில் 2004 முதல் மென்பொருள் வேலை நடக்கிறது. அந்த வேலையில் டெஸ்டர் என்று ஒரு பதவி உண்டு. பிறர் எழுதிய நிரல் எங்கே உடையும் என்று காலை முதல் மாலை வரை தேடுவது அவர் வேலை. கண்டுபிடித்துச் சொன்னால் எழுதியவர் முகம் வாடும். கண்ணில் படாமல் போனது வாடிக்கையாளரிடம் போய் வெடித்தால், "நீ என்ன பார்த்தாய்?" என்ற கேள்வி இவரிடம் வரும். எல்லாம் சரியாக ஓடினால் இவர் பெயரே யாருக்கும் நினைவு வராது. இந்த வேலையில் இருப்பவர்கள் சில ஆண்டுகளில் சோர்ந்து போவதையும், வீட்டிலும் எதையெடுத்தாலும் குறையே கண்ணில் படுவதாகச் சொல்வதையும் பலர் கேட்டிருப்பார்கள். நாள் முழுக்கக் குறை தேடினால் மனம் கசந்துதான் போகும் என்று அதற்குப் பொதுவாக விளக்கம் சொல்கிறார்கள். இடுக்கி, பாலக்காடு எல்லை அணைகளின் கதையை வரிசையாகப் பார்த்தால் அந்த விளக்கம் போதாது என்று தெரிகிறது. குறை தேடும் வேலை அங்கே நூறாண்டுக்கு மேலாக நடக்கிறது. அது மனிதர்களை வதைக்கத் தொடங்கியது நடுவில், ஒரு குறிப்பிட்ட காலத்தில். ஒவ்வொரு குறையின் தலையிலும் யாருக்கோ ஒரு லாப நட்டக் கணக்கு கட்டப்பட்ட காலம் அது.

1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் சமஸ்தானமும் சென்னை மாகாணத்தின் பிரிட்டிஷ் அரசும் செய்துகொண்ட ஒப்பந்தத்திலிருந்து இந்தக் கதை தொடங்குகிறது. 8,000 ஏக்கர் நிலம், ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய் வாடகை, 999 ஆண்டுக் குத்தகை. மேற்கே ஓடிய ஆற்றை மறித்து, மலையைக் குடைந்து கிழக்கே வைகைப் படுகைக்குத் திருப்புவது திட்டம். 1887இல் கர்னல் ஜான் பென்னிகுயிக் வேலையைத் தொடங்கினார். மழைக்காலத்தில் காட்டுக் காய்ச்சல் ஆட்களைக் கொன்றது. ஆற்றைத் தடுக்கப் போட்ட தற்காலிகக் கரைகளை வெள்ளம் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டு போனது. ஒவ்வொரு தடவையும் எது உடைந்தது, ஏன் உடைந்தது என்று பார்த்தவர்களே மறுபடியும் கட்டினார்கள். கருங்கல் முகப்பும், உள்ளே சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த கான்கிரீட்டுமாகச் சுமார் 1,200 அடி நீளத்துக்கு எழுந்த அணையை 1895 அக்டோபரில் சென்னை ஆளுநர் வென்லாக் திறந்துவைத்தார். கட்டி முடித்ததோடு குறைகள் நிற்கவில்லை. சுண்ணாம்புக் கட்டுமானம் நாளடைவில் நீரில் கரையும் தன்மை கொண்டது. 1930களில் அணையில் துளை போட்டுச் சிமெண்ட் பாலை உள்ளே செலுத்தி அடைத்தார்கள். 1960இல் அதே வேலையை இன்னும் பெரிய அளவில் செய்தார்கள். பின்னால் நீதிமன்ற ஆவணங்களில் இரண்டு மாநிலங்களும் வெவ்வேறு விதமாக எடுத்துக்காட்டிய இந்தப் பணிகள், நடந்த காலத்தில் யாருடைய தூக்கத்தையும் கெடுக்கவில்லை. மராமத்து வேலை, அவ்வளவுதான். இதில் கவனிக்க ஒன்று இருக்கிறது. 1956இல் மொழிவழி மாநிலங்கள் பிறந்து, தேவிகுளமும் பீர்மேடும் யாருக்கு என்ற கசப்பான போராட்டம் முடிந்து நான்கே ஆண்டுகளில் அந்த 1960ஆம் ஆண்டுப் பழுதுபார்ப்பு நடந்தது. 1970 மே 29 அன்று இரு மாநிலங்களும் பெரியாற்று ஒப்பந்தத்தைப் புதுப்பித்தன. வாடகை ஏக்கருக்கு 30 ரூபாய் ஆயிற்று, மீன்பிடி உரிமை கேரளத்துக்குப் போனது, தமிழ்நாடு எடுக்கும் மின்சாரத்துக்குத் தனிக் கட்டணம் வந்தது. பாலக்காடு எல்லையின் பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தமும் அதே தேதியிட்டதுதான். ஆக, குறை தேடும் வேலையைக் கெடுத்தது மாநில எல்லை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. எல்லை வந்த பிறகும் குறை குறையாகவே இருந்த காலம் ஒன்று உண்டு.

1979 ஆகஸ்ட் 11 அன்று குஜராத்தில் மச்சு ஆற்றின் இரண்டாவது அணை உடைந்து மோர்வி நகரம் மூழ்கியது. ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். அணை என்றால் உடையும் என்ற எண்ணம் இந்தியா முழுக்கப் பரவிய அந்த மாதங்களில், எண்பது ஆண்டு தாண்டிய சுண்ணாம்பு அணைக்குக் கீழே வாழ்ந்தவர்கள் அஞ்சியதில் மிகை எதுவும் இல்லை. அந்த அச்சம் நியாயமானது. அதைத் தமிழ்நாட்டில் எழுதுகிறவர்கள் சொல்லத் தயங்கக் கூடாது. 1979 நவம்பர் 25 அன்று மத்திய நீர்வள ஆணையத் தலைவர் கே.சி. தாமஸ் தலைமையில் இரு மாநிலப் பொறியாளர்களும் கூடினார்கள். நீர்மட்டத்தை 136 அடிக்கு இறக்குவது என்று ஏற்றுக்கொண்டார்கள். அணையின் தலையில் கான்கிரீட் தொப்பி, அணையைத் துளைத்து அடிப்பாறையோடு பிணைக்கும் இரும்புக் கம்பிவடங்கள், முதுகில் புதிய கான்கிரீட் சுவர் என்று வேலைகளை வகுத்தார்கள். அன்றுவரை குறை காணும் கண்ணும் அதைச் சரிசெய்யும் கையும் ஒரே அறையில்தான் இருந்தன. வேலைகள் ஒவ்வொன்றாக முடிந்த பிறகு பழைய 152 அடியை நோக்கி மட்டத்தை உயர்த்தலாமா என்ற கேள்வி வந்தபோதுதான் அறை இரண்டாயிற்று. இந்த இடத்தில் நிதானமாக நிற்க வேண்டும். அந்தக் கேள்வி வந்த நாள் முதல், அணையில் காணப்படும் ஒவ்வொரு குறைக்கும் ஓர் அடிக் கணக்கு வந்துவிட்டது. ஒரு விரிசல் உண்மையென்றால் சில அடி தண்ணீர் போகும். சில அடி தண்ணீர் என்பது தேனி, மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் வரை நீளும் பாசனம். விரிசல் பொய்யென்றால் சில அடி ஏறும், வண்டிப்பெரியாற்றுக்காரரின் தலைக்கு மேல் அத்தனை நீர் கூடும். சுவரைப் பார்க்கப் போன பொறியாளர் என்ன எழுதினாலும் அது ஒரு மாநிலத்துக்கு எதிரான வாக்குமூலமாயிற்று.

அதன் பிறகு நடந்ததைப் பலரும் அறிவார்கள், வேகமாகச் சொல்லிவிடலாம். 2006 பிப்ரவரி 27 அன்று உச்ச நீதிமன்றம் 142 அடிவரை தேக்கலாம் என்றது. அடுத்த மாதமே கேரளச் சட்டமன்றம் 136 அடிக்கு மேல் கூடாது என்று சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. 2010இல் முன்னாள் தலைமை நீதிபதி ஏ.எஸ். ஆனந்த் தலைமையில் ஐவர் குழு அமைந்து 2012இல் அறிக்கை தந்தது. 2014 மே 7 அன்று நீதிமன்றம் அணை பாதுகாப்பானது என்று தீர்ப்பளித்துக் கேரளச் சட்டத்தை ரத்து செய்தது. அந்த நவம்பரில் நீர் 142 அடியைத் தொட்டது. இந்தத் தேதிகளுக்கு இடையே சில மனிதர்கள் பட்டது முக்கியம். ஆனந்த் குழுவில் கேரளம் தன் சார்பில் அமர்த்தியவர் நீதிபதி கே.டி. தாமஸ். அணை பாதுகாப்பானது என்ற முடிவோடு அவர் உடன்பட்டார்; தம் மாநிலத்தில் கடும் விமர்சனத்துக்கு ஆளானார். 2011 டிசம்பரில் கேரள அரசின் தலைமை வழக்கறிஞர் உயர் நீதிமன்றத்தில், முல்லைப்பெரியாறு உடைந்தாலும் அந்த நீரை இடுக்கி அணைத் தொகுதி தாங்கிக்கொள்ளும் என்ற பொருளில் பேசினார். அவரைப் பதவியிலிருந்து நீக்கக் கோரிக்கை எழுந்தது. மறுபக்கத்திலும் நிலை வேறல்ல. அணை உடைவதைக் கற்பனை செய்த 'டேம் 999' படம் 2011 நவம்பரில் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டது. ஒரு கரையில் குறை இல்லை என்று சொன்னவர் துரோகி, மறு கரையில் குறை இருக்கலாம் என்று நினைப்பதே துரோகம். சரிசெய்வதும் சிக்கலாயிற்று. தமிழ்நாடு அணையை வலுப்படுத்தினால், வலு இல்லாததால்தானே செய்தீர்கள் என்ற கேள்வி. செய்யாவிட்டால், ஏன் செய்யவில்லை என்ற கேள்வி. சத்தமில்லாமல் ஒரு பிழையைத் திருத்திவிட்டு, திருத்தியதே தன் மேல் சாட்சியாகுமோ என்று பயப்படும் நிரலாளருக்கு இந்த இக்கட்டை விளக்க வேண்டியதில்லை.

2011 இறுதியில் இந்தப் பகை உச்சத்தை எட்டியது. அந்த ஆண்டு இடுக்கியில் பல சிறு நிலநடுக்கங்கள் உணரப்பட்டன. இடுக்கியின் சப்பாத்தில் அணைக்கு எதிராக ஏற்கெனவே ஆண்டுக்கணக்கில் நடந்துகொண்டிருந்த போராட்டம் சூடேறியது. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஆயிரக்கணக்கானோர் குமுளியை நோக்கி நடந்தார்கள். எல்லையில் 144 தடை உத்தரவு வந்தது. ஏலத் தோட்டங்களில் வேலை செய்த தமிழ்த் தொழிலாளர்கள் மிரட்டலுக்கு அஞ்சிக் காட்டுப் பாதைகள் வழியே தேனிப் பக்கம் இறங்கினார்கள். அணை உடைந்தால் முதலில் நீர் வந்து சேரும் வண்டிப்பெரியாற்றிலும் அதைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்ட லயங்களிலும் தலைமுறைகளாக வாழ்பவர்களில் பெரும்பகுதி தமிழ் பேசுகிறவர்கள். அணையைப் பற்றி மேலே இருந்தவர்கள் தமிழ், மலையாளம் என்று பிரிந்து பேசினார்கள். அச்சமும் பசியும் அந்த லயங்களில் ஒரே வீட்டுக்குள் இருந்தன. பாட்டன் ஊரான கூடலூரில் நெல் விளைய அந்தத் தண்ணீர் வேண்டும், இரவில் கண் மூட அந்தத் தண்ணீர் இறங்க வேண்டும். மழை வலுத்தால் 136 அடி, 138 அடி என்று தொடங்கி 142 வரை படிப்படியாக எச்சரிக்கை வரும். பல ஆண்டுகளில் வரும். உடல் முதலில் விழித்துக்கொள்கிறது, பிறகு மரத்துப் போகிறது, பிறகு மரத்துப் போனதற்காகத் தன்னையே பயந்து பார்க்கிறது. குறையைக் கண்டவர்களும் மறுத்தவர்களும் தங்கள் வாதத்தில் இந்த மனச்செலவைச் சேர்த்ததே இல்லை.

மோர்வி அணை உடைந்த அதே 1979இல் அமெரிக்காவில் கிளென்ஃபோர்டு மையர்ஸ் மென்பொருள் சோதனை பற்றி ஒரு நூல் வெளியிட்டார். இன்றுவரை அத்துறையின் பால பாடம் அது. நிரல் சரியாக ஓடுகிறது என்று காட்டுவதற்காகச் சோதிப்பதல்ல சோதனை, பிழையைக் கண்டுபிடிக்கும் நோக்கத்தோடு ஓட்டிப் பார்ப்பதே சோதனை என்று அவர் வரையறுத்தார். எழுதியவரே தன் நிரலைச் சோதிக்கலாகாது என்றும் சொன்னார். டெஸ்டர் என்ற தனி ஆள் உருவாக அந்தக் கருத்து ஒரு வலுவான காரணம். இந்தியாவின் மென்பொருள் தொழிலும் பெரிய அளவில் தலையெடுத்தது ஒரு பிழை தேடலில்தான். 1990களின் இறுதியில் பழைய நிரல்களில் ஆண்டை இரண்டு இலக்கத்தில் எழுதியிருந்த இடங்களை வரிவரியாகத் தேடித் திருத்த நம் இளைஞர்கள் அமர்த்தப்பட்டார்கள். 2000 ஜனவரி முதல் தேதி உலகம் பெரிய சேதமில்லாமல் விடிந்தது. உடனே எழுந்த பேச்சு, இது வெறும் புரளி, வீண் செலவு என்பது. குறை தேடுபவரின் வெற்றிக்குக் கிடைக்கும் கூலி இதுதான்: ஒன்றும் நடக்கவில்லையே என்ற கேள்வி. முல்லைப்பெரியாற்றின் முதுகில் கான்கிரீட் வார்த்தவர்களுக்கும் இதுவே கிடைத்தது. ஆனால் மையர்ஸுக்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 1976இல், ஐபிஎம் நிறுவனத்தின் மைக்கேல் ஃபேகன் நிரல்களைக் கூடி உட்கார்ந்து ஆராயும் முறையொன்றை வெளியிட்டபோது ஓர் எச்சரிக்கையைச் சேர்த்திருந்தார். ஆய்வில் கண்ட பிழைகளை வைத்து நிரலாளரின் வேலைத் திறனை மதிப்பிடக் கூடாது என்பது அது. பிழையின் எண்ணிக்கையில் ஒருவரின் சம்பள உயர்வு தொங்கினால், பிழையை ஒளிப்பவரும் பிழையைப் பெருக்கிக் காட்டுபவரும் உருவாவார்கள். ஃபேகனின் எச்சரிக்கையைப் பல இடங்களில் காற்றில் விட்டுவிட்டார்கள். டெஸ்டருக்கு இத்தனை பக் பிடித்தால் நல்ல பெயர், டெவலப்பருக்கு இத்தனை பக் வந்தால் கெட்ட பெயர் என்று அட்டவணை போட்டார்கள். அடிக் கணக்கு அங்கும் வந்து சேர்ந்தது.

கண்ணும் கையும் பிரிந்ததுதான் சிக்கல் என்ற இந்த வாதத்துக்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. கண்ணும் கையும் ஒன்றாக இருப்பதே ஆபத்து, கட்டியவனே ஆராய்ந்தால் தன் பிள்ளையின் குறை தாய்க்குத் தெரியாததுபோல் ஆகிவிடும் என்பது அந்த மறுப்பு. இதற்கு 1928இல் கலிஃபோர்னியாவில் உடைந்த செயின்ட் ஃபிரான்சிஸ் அணையைவிடக் கொடிய சான்று தேவையில்லை. மார்ச் 12 காலையில் அணைக் காவலர் டோனி ஹார்னிஷ்ஃபெகர் ஒரு புதிய கசிவைக் கண்டார். நீர் கலங்கலாக வந்தது. அணையைக் கட்டிய வில்லியம் முல்ஹாலண்டை வரவழைத்தார். அவர் வந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரம் பார்த்தார். ஆபத்தில்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். அன்று நள்ளிரவுக்குச் சற்று முன் அணை பிளந்தது. 400 பேருக்கு மேல் இறந்தார்கள். முதலில் மாண்டவர்களில் அந்தக் காவலரும் ஒருவர். விசாரணையில் முல்ஹாலண்ட் பழியை முழுவதும் தம் மேலேயே ஏற்றுக்கொண்டார், பிறகு பொது வாழ்விலிருந்து விலகி ஒடுங்கிப் போனார். ஆகவே தனிக் கண் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் அந்தக் காலையை இன்னொரு தரம் பார்க்க வேண்டும். கண்ணுக்கு அங்கே குறைவில்லை. காவலரின் கண் கலங்கல் நீரைச் சரியாகப் பார்த்தது. அந்தக் கண்ணின் சொல்லுக்கு எடை இல்லை. கட்டியவரின் பெயர் அதைவிடக் கனமாக இருந்தது. சுதந்திரமான கண் என்றால் தனியாக நிற்கும் கண் என்று மட்டும் பொருள் கொண்டால் போதாது. அது சொன்னதும் கை அசைய வேண்டும். எதிரியாகிப் போன கண் சொன்னால் கை அசைவதில்லை, தற்காத்துக்கொள்கிறது. கீழ்நிலை ஆளின் கண் சொன்னாலும் அசைவதில்லை. இரண்டிலும் கண்டவர் மட்டும் அந்தக் குறையைத் தனியாகச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போகிறார்.

இன்னொரு மறுப்பு இன்னும் நேரடியானது. லட்சக்கணக்கான உயிர்கள் கீழே இருக்கும்போது அளப்பவரின் மனச்சோர்வு ஒரு பொருட்டா? ஓயாமல் குறை கண்டால்தானே பாதுகாப்பு? இதற்குப் பாலக்காடு எல்லையில் பதில் இருக்கிறது. பரம்பிக்குளம் அணை பாலக்காடு மாவட்டத்துக்குள் இருக்கிறது; பராமரிப்பது தமிழ்நாட்டுப் பொறியாளர்கள்; சாலை வழி போவதென்றாலும் பொள்ளாச்சிப் பக்கம் சேத்துமடை வழியாகத்தான் போக வேண்டும். சட்டப்படி முல்லைப்பெரியாற்றுக்கு உடன்பிறப்பு போன்ற நிலை. ஆனால் அதன் பெயரில் முழக்கம் எழுந்ததில்லை, படம் எடுத்ததில்லை, நிபுணர் குழுக்கள் படையெடுத்ததில்லை. 2022 செப்டம்பர் 21 அதிகாலையில் அதன் மூன்று ஷட்டர்களில் நடுவில் இருந்தது, எதிர் எடையைத் தாங்கிய சங்கிலி அறுந்து, பெயர்ந்து போனது. விநாடிக்குச் சுமார் 20,000 கன அடி நீர் பாய்ந்து சாலக்குடி ஆற்றில் இறங்கியது. கரையோர மக்களை எச்சரித்தார்கள், உயிர்ச்சேதம் இல்லை. இரு மாநிலங்களும் நாற்பது ஆண்டுகளாக ஒரு சுவரையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அறுந்தது இன்னோர் அணையின் சங்கிலி. யாரையும் பழிக்க இதைச் சொல்லவில்லை. கவனம் அளவுள்ள பொருள், வழக்கு எங்கே இருக்கிறதோ அங்கே அது முழுவதும் உறிஞ்சப்பட்டுவிடும் என்பதற்காகச் சொல்கிறேன். சோர்ந்த கண் வித்தியாசத்தைப் பார்க்காது. பழகிய குறையையே திரும்பத் திரும்பப் பார்க்கும். எந்த எச்சரிக்கையும் புதிதாகத் தோன்றாத அறையில் உட்கார்ந்திருக்கும் டெஸ்டரும், நூறாவது சிவப்பு விளக்கைப் பார்த்துக் கையால் தட்டி அணைக்கும் இரவுப்பணி ஊழியரும் சோம்பேறிகள் அல்லர். குறை காண்பவரின் மனநிலை பாதுகாப்புக் கருவிகளில் ஒன்று, அந்தத் தகட்டையும் அளவுகோலையும் போல. அது துருப்பிடித்தால் அளவு தவறும். உயிர்களா மனமா என்ற கேள்வியே தவறாகக் கேட்கப்படுகிறது.

அணை நூறாண்டு அசையாமல் நிற்பது, நிரல் நாளுக்கு நாள் மாறுவது, இரண்டையும் எப்படி ஒப்பிடுவது என்று கேட்கலாம். பொருள்கள் வேறுதான். குறையைச் சொல்பவருக்கும் கேட்பவருக்கும் நடுவே நடப்பது ஒன்றே என்பதால்தான் ஒப்பிடுகிறேன். 2014 தீர்ப்பின் மூலம் வந்த மேற்பார்வைக் குழுவை அதனால் நான் முக்கியமாகக் கருதுகிறேன். தொடக்கத்தில் மத்திய நீர்வள ஆணையத்தின் அதிகாரி தலைவராகவும், இரு மாநிலத்துக்கும் ஒவ்வோர் உறுப்பினருமாக அது அமைந்தது. அதன் கீழே ஒரு துணைக்குழு. 2022 ஏப்ரலில் ஒவ்வொரு மாநிலத்திலிருந்தும் ஒரு தொழில்நுட்ப வல்லுநரையும் சேர்க்கச் சொன்ன உச்ச நீதிமன்றம், அணைப் பாதுகாப்புச் சட்டத்தின் அதிகாரங்களையும் குழுவுக்குக் கொடுத்தது. இதனால் பகை தீர்ந்துவிடவில்லை. 2021 நவம்பரில் முல்லைப்பெரியாற்றின் துணை அணையான பேபி அணையை வலுப்படுத்த வழிவிடும்படி 15 மரங்களை வெட்டக் கேரள வனத்துறை கொடுத்த அனுமதி சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. கண் இருக்கும் பக்கமே கைக்கு வழியும் விட வேண்டும் என்ற அமைப்பில் 15 மரம்கூட மாநில மானமாகிவிடுகிறது. ஆனால் துணைக்குழு வரும் நாளில், கேலரிக்குள் அந்த முக்கோணத் தகட்டின் முன் இரு மாநிலப் பொறியாளர்களும் ஒன்றாக நிற்கிறார்கள். அளவுகோலில் ஒரு கோடு. இவர் பார்த்ததை அவரும் பார்த்தார் என்று நோட்டில் பதிகிறது. அந்த ஒரு வரியில் யாரும் யாரையும் குற்றம் சாட்டவில்லை.

இரு பக்கமும் கை கொடுத்தால் குறை தீரும் என்பதற்கும் ஒரு சான்று உண்டு. 2000ஆம் ஆண்டில் காட்டு யானை ஒன்று மின்கம்பியில் சிக்கி இறந்ததால் முல்லைப்பெரியாறு அணைக்குப் போன மின் இணைப்பைத் துண்டித்தார்கள். அடுத்த இருபது ஆண்டுகள், இந்தியாவிலேயே அதிகம் கண்காணிக்கப்பட்ட அணைகளில் ஒன்றான இது, ஜெனரேட்டரையும் சூரிய விளக்கையும் நம்பி இருந்தது. குறை என்னவென்று எல்லோருக்கும் தெரியும், அதைச் சரிசெய்வது எப்படி என்பதும் தெரியும். யானைக்கு எட்டாமல் நிலத்தடியில் கேபிள் போட வேண்டும், தமிழ்நாடு பணம் கட்ட வேண்டும், கேரள மின்வாரியம் பதிக்க வேண்டும், வனத்துறை சம்மதிக்க வேண்டும். 2021 ஜனவரியில் அது முடிந்தது. வல்லக்கடவுக் காட்டுப் பாதையோரம் புதைத்த கேபிள் வழியாக மின்சாரம் போய்ச் சேர்ந்தது, அணையில் விளக்கு எரிந்தது.